கொதிக்க வைத்தால் உப்பு போகாது

"போர் தண்ணியைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு வீனஸ் ஃப்ளைட்ராப்புக்கு ஊற்றலாம், உப்பெல்லாம் போயிடும்" என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் அந்தச் செடி செத்துவிடும்.

கொதிக்கும்போது பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது கால்சியம் கார்பனேட். அந்த அளவுக்குக் கடினத்தன்மை குறையும், அவ்வளவுதான். சோடியம், குளோரைடு, சல்பேட் எல்லாம் தண்ணீரிலேயே இருக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே? 1 லிட்டர் முக்கால் லிட்டராகச் சுண்டினால் 400 பிபிஎம் (லிட்டருக்கு 400 மில்லிகிராம்) உப்பு 533 ஆகிவிடும். இந்தச் செடிக்கு 50க்குக் கீழே இருப்பதுதான் நல்லது. அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் சத்தில்லாத, புளிப்பான ஈரமண்ணில் வளர்ந்து பழகிய வேர் அது.

மழைநீர் பிடித்து வையுங்கள், அதைவிட நல்லது கிடையாது. டிஸ்டில்டு வாட்டரும் சரி. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ருசிக்காகப் பல மெஷின்களில் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரையோ மினரலையோ கலந்துவிடுகிறார்கள். கடையில் வாங்கும் மினரல் வாட்டர் வேண்டவே வேண்டாம்.

மண்ணுக்கும் இதே கதை. பீட் மாஸ் (சதுப்புநிலத்தில் மட்கிய பாசி), பெர்லைட் (வெள்ளையான, லேசான எரிமலைக் கல் துகள்) போதும்; உரம், மண்புழு உரம் கூடாது. கழுவாத தேங்காய் நார்த்தூளிலும் உப்பு இருக்கும். தட்டில் தண்ணீர் விட்டு வளர்ப்பவர்கள் உப்பு சேராமல் இருக்க மாதம் ஒருமுறை மேலிருந்து மழைநீரை ஊற்றி, வடிவதைக் கீழே கொட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் இன்றே பழைய கலவையை உதறி, வேரை அலசி, புதிதில் நடுங்கள்.