சாய்வு வெட்டில் ஃபென்ஸ் எந்தப் பக்கம்?

மேலே ஒரு நண்பர், டேபிள் ரம்பத்தில் 45 டிகிரி சாய்வாக வெட்டும்போது ஃபென்ஸ் (கட்டையை ஒட்டித் தள்ளுகிற நேரான பக்கத் தடுப்பு) பிளேடுக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார். நேர் வெட்டுக்கு வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். சாய்வு வெட்டுக்கு அது சரியில்லை அண்ணே. பிளேடு ஃபென்ஸை விட்டு விலகிச் சாய வேண்டும்.

ஃபென்ஸ் பக்கமாகச் சாய்ந்தால் கட்டை, மேலே பிளேடு, கீழே மேஜை, பக்கத்தில் ஃபென்ஸ் என்று மூன்றுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. வெட்டும்போது அது லேசாகத் தூக்கினாலும் போதும், பின்பக்கப் பற்கள் கொத்தி நம்மை நோக்கியே எறிந்துவிடும். தள்ளுகட்டை நுழையவும் இடம் குறைந்துபோகும். விலகிச் சாய்ந்தால் பிளேடுக்கு அடியில் வருவது கழிவுத்துண்டு மட்டும்தான். அதற்கு ஒதுங்க இடம் இருக்கிறது.

என் பேச்சை நம்ப வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடை 45க்குச் சாயுங்கள். 2 அங்குல அகலத் துண்டு ஒன்றை ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் வையுங்கள். அப்புறம் ஃபென்ஸை மறுபக்கம் மாற்றி அதையே செய்து பாருங்கள். எந்தப் பக்கத்தில் பல் கட்டையின் மேல் கவிகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

இடப்பக்கம் சாயும் மெஷினில் ஃபென்ஸ் வழக்கம்போல வலப்பக்கமே இருக்கட்டும். வலப்பக்கம் சாய்வதென்றால் இடப்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். மதுரையில் பழைய மெஷின் வாங்கி ஓட்டுகிற பட்டறைக்காரர்கள், தங்களுடையது எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.