தண்ணி தெளிச்சா குளுந்துடுமாம்!

"ரூம் சூடா இருக்கா? தண்ணி தெளிங்க மேடம், தானா குளுந்துடும்." இனிமே இதை யாராவது எங்கிட்ட சொல்லட்டும், அந்தத் தண்ணி வாளியை அவங்க தலையிலேயே கவுத்துடுறேன்.

கடலூர்ல, கடலுக்குப் பக்கத்துலயே காளான் கொட்டகை வச்சிருக்கேன். சிப்பிக்காளானுக்கு 20-லிருந்து 30 டிகிரிக்குள்ள வெப்பம், 80-லிருந்து 90 சதவீதம் ஈரப்பதம். நோட்டீஸ்ல படிக்க எவ்வளவு லட்சணமா இருக்கு! மே மாசத்துல, கடலோரத்துல, இந்த ரெண்டும் ஒரே ரூம்ல ஒத்துப்போகாதுங்கிறதை மட்டும் பயிற்சி கொடுக்கிற ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்றதில்ல.

தண்ணி பட்டதால குளுமை வராதுங்க, அது ஆவியாகிப் போனாத்தான் வரும். காத்துல ஏற்கெனவே நீராவி நெறஞ்சு கெடந்தா எங்கேருந்து ஆவியாகும்? உள்மாவட்டத்துல 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம்னு வைங்க. ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு ஃபேனைப் போட்டா, கணக்குப்படி 24 டிகிரி பக்கம் வரைக்கும் எறங்க எடமிருக்கு. எங்க ஊர்ல 33 டிகிரிதான், ஆனா ஈரப்பதம் 75. தலைகீழா நின்னாலும் 29-க்குக் கீழ போகாது. நம்மளைவிட 5 டிகிரி அதிகமா வேகுற ஊர்க்காரர் கொட்டகை நம்ம கொட்டகையைவிடக் குளுகுளுன்னு இருக்கும். அவர் அங்க நின்னு "ரொம்ப ஈஸி நண்பர்களே"ன்னு வீடியோ போடுவார். உங்களுக்கு ஈஸிதான்யா, யாரு இல்லேன்னா!

அந்த 29-உம் காகிதக் கணக்குதான். அதுக்காக ஃபாகரை, அதான் தண்ணியைப் புகை மாதிரி பீச்சுற மெஷினை, ஓடவிட்டுக்கிட்டே இருந்தா சுவரெல்லாம் சொட்டும், காளான் மேல தண்ணி நின்னு பழுப்புத் திட்டு விழும், அப்புறம் கொழகொழன்னு ஆகும். போதாததுக்கு, வைக்கோல்ல காளானோட பூசணம் பரவுற சமயத்துல படுக்கையே, அதான் வைக்கோலும் விதையும் அடைச்ச பையே, உள்ளுக்குள்ள சூட்டைக் கெளப்பும். சுவத்துல மாட்டின மீட்டர் 30 டிகிரி காட்டுறப்போ பைக்குள்ள அதைவிட ஜாஸ்தி. வெள்ளையாப் பரவ வேண்டிய பையில பச்சைப் பூஞ்சை வந்து உக்காந்துக்கும். அந்த மீட்டர் இருக்கே, அது தனிக் கதை. ஒருதரம் நனைஞ்சுட்டா ஈரப்பதம் 99-லயே நின்னுடும். பக்கத்துல இன்னொண்ணு மாட்டினா அது வேற கணக்கு சொல்லும்.

"அப்போ ஏசி போட்டுடுங்க"ங்கிறாங்க. ஏசி வேலையே காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வெளிய விடுறதுதான். இந்தப் பக்கம் ஃபாகர் காசு கொடுத்துத் தண்ணியைத் தெளிக்க, அந்தப் பக்கம் ஏசி காசு கொடுத்து அதே தண்ணியைக் குழாய் வழியா வெளியேத்தும். ரெண்டுக்கும் கரண்ட் பில் கட்டுறது நான். சரி, குளுமை போகாம கதவைச் சாத்தி வச்சா காளான் விடுற கார்பன்டைஆக்சைடு உள்ளேயே தங்கிடும். தண்டு நீட்டமா, குடை பொத்தானாட்டம் வரும். அதைச் சந்தைக்குக் கொண்டுபோனா "என்னக்கா இது, காளானா குச்சியா?"ன்னு கேப்பாங்க. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாலோ, வெளியில இருக்குற அந்தப் புழுக்கக் காத்து மொத்தமும் உள்ள வரும். இதுக்கு நடுவுல கரண்ட் போச்சுன்னா சொல்லவே வேணாம்.

வழியே இல்லையான்னா, இருக்கு. கோடையில பால்காளான் போடணும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே 2 ரகத்தை 1998-லேயே வெளியிட்டாச்சு. 30-லிருந்து 35 டிகிரிக்கு அசராம வரும். மேல மண்ணு போடுற வேலை கூடுதல், ஈரப்பதம் அதுக்கும் வேணும்தான், ஆனா ஈரத்துக்கா நமக்குப் பஞ்சம்? நம்மள அடிக்கிறது சூடு. அதைத் தாங்குறது இது. இவ்வளவு தெளிவா ஒரு வழி இருக்குறப்போ, "ஒரு ரூம் இருந்தாப் போதும், வருஷம் பூரா சிப்பிக்காளான், மாசாமாசம் வருமானம்"னு ஊரெல்லாம் ஒரே பாட்டைப் பாடி ஃபீஸ் வாங்குறாங்க பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். எந்த ஊரு, எந்த மாசம், ஓடா ஷீட்டா கூரை என்னன்னு ஒரு கேள்வி கிடையாது. எத்தனை பாக்கெட் விதை வேணும், அது மட்டும் கரெக்டா கேப்பாங்க.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே ஒரு மெசேஜ்: "மேடம், அக்னி நட்சத்திர ஆஃபர், சிப்பி விதை ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ." ஃப்ரீயா ஒரு கடலோரக் கொட்டகையும் தர்றேன், நீங்களே வந்து வளத்துக் காட்டுங்க சார்!