பையன் ஆமிக்குப் போகிறேன் என்றால் முதலில் அளவு நாடாவை எடுங்கள்

படிவம் 4 படிக்கிற பையன் சாப்பிடும்போது "நான் ஆமிக்குப் போறேன்" என்று சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? அம்மா கண்ணைக் கசக்குவார். அப்பா, "போடா, அங்க நம்ம ஆளுங்கள எங்க எடுக்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இப்போது இன்னொரு வகை அப்பாவும் கூடியிருக்கிறார்: "உனக்குப் பிடிச்சா போய்யா, நான் தடுக்க மாட்டேன்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஆதரவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடுக்காமல் இருப்பது வேறு, கூட நிற்பது வேறு. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் கூட நிற்பதென்றால் அளவு நாடா, பல் கிளினிக், பிறப்புப் பத்திரம், செம்பனைக்கு நடுவே ஒரு செம்மண் சாலை, இவ்வளவுதான். பெரிய பேச்செல்லாம் அப்புறம்.

தாத்தா பாட்டி பயப்படுவதற்குக் காரணம் உண்டு, அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். 1948 ஜூன் 16இல் தோட்ட நிர்வாகிகள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டது சுங்கை சிப்புட் பக்கம்தான். அதற்குப் பின்தான் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் வந்தது. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக் கணக்கு என்று வளர்ந்த தலைமுறைக்குச் சீருடையைக் கண்டால் வயிறு கலங்கும். அவர்களுக்கு வாதம் உதவாது. பையன் எந்தப் பிரிவில் என்ன வேலை கற்கப் போகிறான் என்று பொறுமையாகச் சொன்னால் கேட்பார்கள்.

"நம்ம ஆளுங்கள எடுக்க மாட்டான்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ராயல் மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்களுக்கு மட்டுமே இடம். அதை மறைத்துப் பையனுக்கு ஆசை காட்டக்கூடாது. ஆனால் தரைப்படை என்றால் அது ஒன்றுதானா? ரேஞ்சர் ரெஜிமெண்ட், கவசப் படை, பீரங்கி, பொறியாளர் படை, தகவல் தொடர்பு, மின் மற்றும் இயந்திரப் பொறியாளர் கோர் (பிரிவு), மருத்துவக் கோர், ராணுவப் போலீஸ் எல்லாம் எல்லா இனத்துக்கும் திறந்தவை. கடற்படையும் ஆகாயப்படையும் அப்படியே. நம் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம். 1967 டிசம்பரில் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 31. இதைப் பையனிடம் ஒரு முறை சொன்னால் போதும். தினமும் சொன்னால் பெருமை பாரமாகிவிடும்.

என் அபிப்பிராயம் இதுதான்: நேர்முகத் தேர்வு மேசைக்குப் போவதற்கு முன்பே, உயரக்கோலுக்கும் கண் பரிசோதனைக்கும் இடையில் நம் பையன்கள் பலர் திரும்பிவிடுகிறார்கள். காரணம் உடம்பில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பே வீட்டில் தெரிந்திருக்கக்கூடிய காரணம்.

தரைப்படை இளம் வீரர் சேர்ப்பில் ஆண்களுக்கு வழக்கமாகக் கேட்பது உயரம் 1.62 மீட்டர், எடை குறைந்தது 47.5 கிலோ, மார்பு சாதாரணமாக 76 செ.மீ., மூச்சை இழுத்தால் 81. உடல் நிறைக் குறியீடு 26.9ஐத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு சேர்ப்பு விளம்பரத்திலும் வரும் எண்தான் கடைசிச் சொல், ஆனால் வீட்டில் தொடங்க இவை போதும். உயரத்தைச் சுவரில் அளக்கும்போது வெறுங்கால், குதிகால் சுவரைத் தொட வேண்டும், தலைமேல் தடித்த அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்கோணமாக வைத்துக் கோடு போடுங்கள். காலையில் அளந்ததைவிட மாலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும், முதுகெலும்புத் தட்டுகள் நாள் முழுக்க அமுங்குவதால். எல்லைக்கோட்டில் நிற்கிற பையனின் மாலை அளவையே நம்புங்கள். எடைக் கணக்கும் எளிது: 1.62ஐ 1.62ஆல் பெருக்கினால் 2.62, அதை 26.9ஆல் பெருக்கினால் 70.6 கிலோ. 162 செ.மீ. பையனுக்கு அதுதான் உச்சம். 170 செ.மீ. பையனுக்கு 77.7 வரை இடமிருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேகியும் தேத்தாரிக்குமாக இருக்கிற பையன் 162 உயரத்தில் 78 கிலோ என்றால், ஏழரை கிலோவாவது குறைக்க வேண்டும். அது நான்கைந்து மாத வேலை. கடைசி வாரம் பிளாஸ்டிக் சட்டை போட்டு வெயிலில் ஓடினால் இறங்குவது தண்ணீர்தான். கூடவே வெப்பத்தாக்கு வரும், அதில் உயிர்கூடப் போகும்.

எல்லாவற்றுக்கும் முன்பாகக் கண். நிறக்குருடு இருந்தால் கதவு அங்கேயே சாத்திவிடும், அதற்கு மருந்தும் இல்லை. பெரும்பாலும் தாய்வழி மரபணுவில் வருவது, பையன்களுக்கே அதிகம். இருக்கிறது என்று பையனுக்கே தெரியாது, ஏனென்றால் அவனுக்குத் தெரிகிற பச்சைதான் அவனுக்குப் பச்சை. கண்ணாடிக் கடையில் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு வருடம் ஓடிவிட்டுத் தேர்வு நாளில் தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை வேறில்லை. கண்ணாடி போடுகிற பையனுக்கு இளம் வீரர் சேர்ப்பில் இடமில்லை. அதற்காக லேசர் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் ஆள்சேர்ப்புப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

பாதத்தை ஈரமாக்கிச் சிமெண்டுத் தரையில் மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். உள்பக்க வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு எழும்பினால் இளகிய வகை. எழும்பாவிட்டால் உடனே எலும்பு மருத்துவர். முட்டிகள் உரசுகிறதா, காலில் நரம்பு புடைத்திருக்கிறதா, குடல் இறக்கம் உண்டா, சிறு வயதில் ஆஸ்துமா இருந்ததா என்று கேட்க வெட்கப்பட்டால் பையன்தான் நஷ்டப்படுவான். அரசாங்கப் பல் கிளினிக்கில் சில வெள்ளியில் சொத்தைப் பல்லை அடைத்துவிடலாம், ஆனால் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். பச்சை குத்திக்கொள்ளக்கூடாது. முருகன் வேல் என்றாலும் பச்சை பச்சைதான். சின்ன வயதில் காது குத்திய தழும்பு, தைப்பூசத்தில் அலகு குத்திய தழும்பு இருந்தால், கேட்கும்போது சமயச் சடங்கு என்று மலாயில் நேராகச் சொல்லப் பழக்குங்கள். வேப் பழக்கத்தைப் பற்றி அவனிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை உண்டு, யாரோ கொடுத்த திரவத்தில் என்ன கலந்திருந்தது என்று அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

இனி ஓட்டம். 2.4 கிலோமீட்டர்தான் அடிப்படை. திடலில் சுற்றினால் கணக்குத் தப்பும், பள்ளித் திடல் பெரும்பாலும் 400 மீட்டர் இருக்காது. தோட்டத்துச் செம்மண் சாலைதான் நல்லது, தாரைவிட முட்டிக்கு இதம். மோட்டாரின் மீட்டரை வைத்து 1.2 கிலோமீட்டர் அளந்து, ஒவ்வொரு 400 மீட்டருக்கும் மரத்தில் சுண்ணாம்பு பூசுங்கள், போக வர 2.4. சாலை மர வரிசையோடு போனால் சரிபார்க்க ஒரு வழி: செம்பனை சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடப்படுவது, 44 மரம் எண்ணினால் ஏறக்குறைய 400 மீட்டர். அடையாளத்துக்கு அடையாளம் 2 நிமிடம் என்றால் மொத்தம் 12 நிமிடம். முதல் இலக்கு அது. தோட்ட அலுவலகத்திலும் ஜாகாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பழ லாரி வரும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வாரம் போதும், வாரம் மூன்று நாள். முதல் மாதம் இருபது நிமிடம், ஓட்டமும் நடையுமாக, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில். இரண்டாவது மாதம் வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டரை ஐந்து தடவை, நடுவில் 2 நிமிடம் நடை. மூன்றாவது மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முழுத் தூரம், கடிகாரத்தோடு. ஒரு வாரத்துக்கு மறு வாரம் தூரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக்கூடாது. ஆசையில் முதல் வாரமே தினமும் ஓடுகிற பையனுக்கு மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலிக்கும், அதிலும் புட்சால் சப்பாத்தோடு தாரில் ஓடினால் நிச்சயம். வலித்தால் ஒரு வாரம் நிறுத்த வேண்டும். தைலம் தேய்த்துவிட்டு ஓடினால் எலும்பில் கீறல் விழும் வரை போகும். மாலை இடி முழங்கினால் திறந்த இடத்தில் நிற்க வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே பயிற்சி.

பையன்கள் தண்டால் எடுத்துக் காட்டுவார்கள், நாற்பது ஐம்பது என்று. கம்பியில் தொங்கச் சொன்னால் ஒன்றுகூட வராது. கோல் கம்பம் போதும்: குதித்து மேலே போய், தாடை கம்பிக்கு மேல் இருக்கும் நிலையிலிருந்து ஐந்து விநாடியில் மெதுவாக இறங்க வேண்டும். ஐந்து தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆறேழு வாரத்தில் முதல் தொங்கல் இழுப்பு வந்துவிடும். கடற்படை ஆசை என்றால் நீச்சல் வேண்டும். அதைப் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் பழகக்கூடாது, ஓரம் திடீரென்று ஆழமாகும். ஈப்போவில் காசு கட்டிக் குளத்தில் பழகட்டும்.

மொழி விஷயத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். கடைத்தெருவில் பாசார் மலாய் சரளமாக வருகிறது, அதிகாரி முன் நின்றால் "குவா", "லு" என்று கொச்சையாய் நாக்கு நழுவுகிறது. தினமும் பத்து நிமிடம் மலாய்ச் செய்தியை உரக்கப் படிக்கட்டும். ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள், மூன்று படைகள், உச்சத் தளபதி மாமன்னர், பிரெபெட் என்ற சாதாரணச் சிப்பாய் முதல் வாரன் அதிகாரி வரையிலான பதவிகள், இவை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். "ஏன் சேர விரும்புகிறாய்?" என்ற கேள்விக்கு "நாட்டுக்குச் சேவை" என்று எல்லோரும் சொல்வார்கள். டீசல் இயந்திரம் கழற்றத் தெரியும், பொறியாளர் பிரிவு வேண்டும் என்று சொல்கிற பையனை மேசையில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் கையில் வர மலாயும் வரலாறும் தேற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வரலாற்றைக் கோட்டை விட்டவர்கள் நிறைய.

கதவுகளும் ஒன்றல்ல. படிவம் 3 முடித்தவர்கள் படிவம் 4க்குச் சுங்கை பீசியில் உள்ள அரச இராணுவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்.பி.எம். நன்றாக இருந்தால் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் வழியாக அதிகாரியாகலாம். நம் பெற்றோர் பலர் இதைத் தெரியாமலே பையனை நேராக வீரர் சேர்ப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள், எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். அரசுப் பல்கலைக்கழகம் போனால் அங்கே பாலாப்பெஸ் என்ற சேமப்படை அதிகாரிப் பயிற்சி இருக்கிறது. வேலை செய்துகொண்டே ருசி பார்க்க வத்தானியா என்ற தொண்டர் படை இருக்கிறது. யூடியூப் பார்த்துவிட்டு "நேரா கமாண்டோ" என்கிற பையனுக்கு ஒன்று சொல்லுங்கள்: அங்கே நேராகப் போக வழியில்லை. முதலில் சிப்பாய், அப்புறம் தன்விருப்பம், அப்புறம்தான் சுங்கை ஊடாங் பயிற்சி.

பத்திரங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வருகிற சிக்கல் எழுத்துக்கூட்டல்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, மைகாட் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பள்ளியில் இன்னொரு மாதிரி. இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். குடியுரிமை இல்லாமல் சேர முடியாது. பையனின் குடியுரிமை இன்னும் தீராமல் இருந்தால் 18 வயது ஆகும் முன்பே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள்.

"ஆள் இருக்கு, கேபிள் இருக்கு, ஐயாயிரம் கொடுத்தா உள்ள போயிடலாம்" என்று ஒருவர் தேநீர்க் கடையில் பேசுவார். விண்ணப்பத்துக்குக் காசே இல்லை. கொடுத்தால் வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் ஊழல் தடுப்புச் சட்டத்தில் மாட்டுவார். உங்கள் மகனின் பெயரும் அதில் சேரும்.

அம்மாக்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை: அடிப்படைப் பயிற்சியின் தொடக்கத்தில் நினைத்தபோது போன் பேச முடியாது. தீபாவளிக்கு விடுப்பு உறுதியில்லை. சமையல் ஹலால், மாட்டிறைச்சி சாப்பிடாதவன் முதல் நாளே சமையற்கட்டில் சொல்லிவிட வேண்டும். தாங்க முடியாவிட்டால் பயிற்றுநரிடம் சொல்லலாம், வேலி தாண்டி வீட்டுக்கு ஓடி வரக்கூடாது. அது 1972ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டத்தில் குற்றம். அழுகிற குரலைக் கேட்டு "வந்துடுய்யா" என்று நீங்கள் சொன்னால், விளைவை அவன்தான் அனுபவிப்பான். பணத்தைப் பொறுத்தவரை, அதிகாரி அல்லாத இதர நிலை வீரர்களுக்கு ஓய்வூதியக் கணக்கு 21 வருடம், அதாவது 18இல் சேர்ந்தால் 39 வயது. அதற்குப் பின்னும் வேலை செய்யும் வயசுதான். வெளியேறும் முன் தொழில் பழக சுங்கை பூலோவில் பெர்ஹெபாட் என்ற முன்னாள் வீரர் நல நிறுவனம் இருக்கிறது. எந்தக் கோரில் என்ன தொழில் கற்கிறான் என்பதைச் சேரும்போதே யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

தேர்வு நாளுக்கு முதல் நாள் ஓட்டம் வேண்டாம். காலையில் ரொட்டி, அவித்த முட்டை போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். அசல் சான்றிதழ்கள் அவன் கோப்பில், இரண்டு செட் நகல் உங்கள் பையில். கேட்டுக்கு வெளியே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். உள்ளே போனவன் திரும்ப மத்தியானம் தாண்டலாம். நிழலாய்ப் பார்த்து மோட்டாரை நிறுத்துங்கள், அவனுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு போங்கள்.