கைக்கு எட்டுற தூரத்துக்கு ஏன்யா போறான்?

ராட்சத மிருகப் படங்கள்ல போர் விமானம் மிருகத்துக்குப் பக்கத்துலயே போய்ப் பறக்கிறது நம்புற மாதிரி இல்லன்னு எழுதியிருந்தேன். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு நேத்து ஓடுன கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. "நூறு மீட்டர் பல்லியை நம்புவாராம், பக்கத்துல பிளேன் பறந்தா நம்பமாட்டாராம்"னு நக்கல். கீழே வரிசையா சிரிப்பு பொம்மை.

ஆமா, பல்லியை நம்புறேன். அது கதை போட்ட விதி. ஆனா எஃப்-22 போர் விமானம் ஓட்டுறவன் நம்ம உலகத்து ஆளு, பயிற்சி எடுத்தவன். அவன் எதுக்கு அது கைக்கு எட்டுற தூரத்துக்குப் போறான்?

1933 கிங் காங்ல போனாங்க, சரி. இரட்டை இறக்கை விமானம், இருந்தது மெஷின் கன் மட்டும். கிட்டப் போனாத்தான் குண்டு படும். படத்தை எடுத்த இயக்குநர் கூப்பரே முதல் உலகப் போர்ல குண்டுவீச்சு விமானம் ஓட்டினவர். கடைசியில காங்கைச் சுடுற விமானத்துல இருக்கிறதும் அவரும் கூட இயக்கின ஷோட்சாக்கும்தான்.

இன்னைக்கு ஜேடாம்னு ஜிபிஎஸ் வழிகாட்டுற குண்டை உயரத்துல இருந்து விட்டா 24 கிலோமீட்டர் வரை போகும். "நகர்ற இலக்குக்கு ஜிபிஎஸ் ஆகாதே"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் லேசர் குண்டு. ஒருத்தன் ஒளிப்புள்ளியை இலக்கு மேலேயே பிடிச்சிருக்கணும். புகையோ மேகமோ மறைச்சா புள்ளி தொலையும், குண்டு வழி தவறும். இதைக் காட்டுங்களேன், இதுல இல்லாத பதற்றமா?

இந்தப் படக்காரங்க விடுறதோ சைட்வைண்டர் ஏவுகணை! விமானத்தோட மெல்லிய தகட்டைக் கிழிக்கச் செஞ்சது, வெடிமுனை ஒன்பது கிலோ சொச்சம். அப்புறம் பீரங்கி. எஃப்-22ல 480 குண்டு, நிமிஷத்துக்கு 6,000 வேகம். அஞ்சு வினாடிக்குள்ள காலி. படத்துல விடிய விடியச் சுடுறான்.

மணிக்கு 900 கிலோமீட்டர்னா வினாடிக்கு 250 மீட்டர். ஒரு கிலோமீட்டர்ல சுட ஆரம்பிச்சா மோத நாலு வினாடி. 7 ஜி, அதாவது புவியீர்ப்பு மாதிரி ஏழு மடங்கு விசை, இழுத்துத் திரும்பினாலும் வளைவோட ஆரம் 900 மீட்டரைத் தாண்டும். இதுல தலையைச் சுத்தி ஈ மாதிரி எப்படிய்யா பறக்கிறது? கைக்கு எட்டுற தூரத்துக்கு ஏன் போறான்?

"தூரத்துல இருந்து அடிச்சா த்ரில் இல்ல"ங்கறாங்க. 2016 ஷின் கோட்ஜில்லா பாருங்க. ஹெலிகாப்டர் பீரங்கி, ஏவுகணை, டாங்கி, எஃப்-2 போர் விமானம் போடுற ஜேடாம்னு படிப்படியா அடிக்கிறாங்க, ஒண்ணும் பலிக்கல. பி-2 குண்டுவீச்சு விமானம் உயரத்துல இருந்து போட்டதுதான் காயப்படுத்துது. அடுத்து அந்த பி-2வையே அது கதிர் விட்டு வீழ்த்துது. விமானி ஒரு தப்பும் பண்ணல, ஆனாலும் செத்தான். பயம் அங்கதான் வருது. தானாப் போய் அறை வாங்கினா சிரிப்புதான் வரும்.

"படத்தைப் படமா பாரு"வுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. கிரிக்கெட் படத்துல ஹீரோ பேட் பிடிச்சது தப்புன்னு நீளமா எழுதினவர்தான் இதைச் சொல்றார். அவருக்குத் தெரிஞ்சது தப்பா வந்தா விமர்சனம், எனக்குத் தெரிஞ்சது தப்பா வந்தா மேதாவித்தனம். அன்னைக்கு அவருக்கு ஹார்ட் விட்டவங்கதான் நேத்து எனக்குச் சிரிச்சிருக்கீங்க, பேரெல்லாம் பார்த்தேன். இத்தனைக்கும் அவர் என் நட்புப் பட்டியல்ல இருக்கிறவர். இன்பாக்ஸ்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா கணக்கு போட்டே காட்டியிருப்பேன்.