வெறுங்கையோடு திரும்பினாலும் அந்தத் தேடலுக்குப் பணம் கொடுக்க வேண்டும்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், மூடப்பட்ட ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. உள்ளே, குளிர்வித்துத் திரவமாக்கிய செனான் என்ற வாயு, 10 டன். ஒளி தராமல், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் பொருளுக்குக் கரும்பொருள் என்று பெயர். அதன் துகள் ஒன்று வந்து செனான் அணுக்கருவில் மோதாதா, அதில் ஒரு பொட்டு ஒளி எழாதா என்று சுமார் 250 பேர் காத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில், 280 நாள் தரவுகளை அலசிவிட்டு அவர்கள் அறிவித்தார்கள்: ஒன்றும் சிக்கவில்லை.

இதைச் சொன்னால் நண்பர்கள் கொதிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் நோயாளிகள் தரையில் கிடக்கும்போது, இல்லாத ஒன்றைத் தேட இவ்வளவு செலவா? அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்பேன்.

முதலில், இது யாரோ கண்ட கனவு இல்லை. சூரியனுக்கு அருகில் உள்ள பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. தொலைவில் உள்ள நெப்டியூன் ஐந்தரைக் கிலோமீட்டர்கூட எட்டுவதில்லை. விண்மீன் மண்டலங்களிலும் விளிம்புக்குப் போகப்போக விண்மீன்கள் சுற்றும் வேகம் இப்படியே குறைய வேண்டும். 1970இல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அண்டை விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமீடாவை அளந்தபோது அப்படிக் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிறது, அல்லது ஈர்ப்பு விசை பற்றி நாம் படித்ததே பிழை. இரண்டில் எது உண்மையானாலும் அதைத் தெரிந்துகொள்ளாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

வெறுங்கை விஷயத்துக்கு வருகிறேன். இதே சுரங்கத்தில், இன்று செனான் தொட்டி இருக்கும் அதே குகையில், 1960களில் அமெரிக்க வேதியியலாளர் ரே டேவிஸ் வேறொரு தொட்டி வைத்தார். துணி வெளுக்கும் கடைகளில் பயன்படும் ரசாயனத் திரவம், சுமார் மூன்றே முக்கால் லட்சம் லிட்டர். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை, அதாவது எதிலும் சிக்காமல் ஊடுருவிப் போகும் நுண்துகள்களை, எண்ணுவதுதான் நோக்கம். கணக்குப்படி வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் அகப்பட்டது. சோதனையில்தான் தவறு என்று பலரும் சொன்னார்கள். அவர் முப்பது ஆண்டுகளுக்கு அருகில் எண்ணிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் எண்ணியது சரி என்று தெரிந்தது. நியூட்ரினோக்கள் வழியிலேயே வகை மாறிவிடுகின்றன. அவருடைய தொட்டியால் ஒரு வகையை மட்டுமே பிடிக்க முடிந்தது. 2002இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் யாராவது நிதியை நிறுத்தியிருந்தால்?

இதற்காகக் கேட்டதையெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை. செனான் தொட்டிகள் பெரிதாகப் பெரிதாக, சூரிய நியூட்ரினோக்களே அவற்றில் கரும்பொருள் போலத் தென்படத் தொடங்குகின்றன. 2024இல் இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்தில் அதன் முதல் தடயம் தெரிந்தது. இனி இன்னும் பெரிய தொட்டி கேட்பவர்களைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்க வேண்டும். கரும்பொருள் இதுவாக இருக்கலாம் என்று கருதப்படும் ஆக்சியான் போன்ற வேறு துகள்களைத் தேடும் சிறிய சோதனைகளுக்கும் பங்கு போக வேண்டும். நாளைக்கு இதிலிருந்து மருத்துவக் கருவி வரும் என்று ஆசை காட்டிப் பணம் கேட்பதும் எனக்குப் பிடிக்காது. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம் என்று நேராகச் சொல்லட்டும்.

நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கோலார் தங்கவயல். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி வெட்டிய சுரங்கம். அங்கே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை டாடா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பான், பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டார்கள். உலகிலேயே முதன்முதலாகக் கண்டவர்களில் அவர்களும் உண்டு. தலைக்கு மேல் பாறை எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு, விண்வெளியிலிருந்து பொழியும் துகள்களான விண்கதிர்களின் இரைச்சல் அடங்கும் என்பதால்தான் அந்த ஆழம் அவ்வளவு மதிப்புள்ளது. 1990களின் தொடக்கத்தில் ஆய்வு நின்றது. 2001இல் சுரங்கமே மூடப்பட்டது.

ஹோம்ஸ்டேக்கும் மூடப்பட்டு நீர் நிரம்பிய சுரங்கம்தான். அங்கே நீரை இறைத்துவிட்டு ஆய்வகம் கட்டினார்கள். இங்கே, 2017இல் தொடங்கிய நமது நிலத்தடி ஆய்வகம் கரும்பொருளைத் தேடுவது ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 550 மீட்டர் ஆழத்தில்.