முயல் படம் போட்ட ஷாம்பும் இருநூறு ரூபாய் அபராதமும்

ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் ஒரு மூலையில் தாவுகிற முயல் படம் இருக்கும். விலங்குகள் மீது சோதித்துப் பார்க்காதது என்று அர்த்தம். அந்தப் படத்துக்காகவே கூடுதலாகக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் என் நட்பு வட்டத்தில் நிறையப் பேர். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதற்கு 2014 மே மாதமே தடை வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், வெளிநாட்டில் அப்படிச் சோதித்த பொருள்களை இங்கே இறக்குமதி செய்யவும் தடை போட்டார்கள். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிற சாஷேவுக்கும் அதே சட்டம்தான். முயல் படத்துக்கு மட்டும் தனி விலை.

முயல் அங்கே வந்து உட்கார்ந்ததற்கு ஒரு கதை உண்டு. 1944-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் டிரெய்ஸ் என்பவர் வகுத்த சோதனை அது. தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி முயலை ஒரு பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள், முன்காலால் முகத்தைத் துடைத்துக்கொள்ள முடியாதபடி. ஒரு கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, சோதிக்க வேண்டியதை அதற்குள் விடுவார்கள். இன்னொரு கண் ஒப்பிட்டுப் பார்க்க. கண் சிவந்ததா, வீங்கியதா, கருவிழி மங்கியதா என்று நாள் கணக்கில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1980-இல் ஹென்றி ஸ்பைரா என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர், அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ரெவ்லான் நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு, நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். மாற்று வழி ஆராய்ச்சிக்குப் பணம் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுத் தடைக்கு வந்தது, அடுத்த ஆண்டு நாம். லிப்ஸ்டிக் இல்லாமல் யாரும் சாகப் போவதில்லை என்பதால் இந்தச் சண்டையில் ஜெயிக்க முடிந்தது.

மருந்து என்று வரும்போதுதான் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லாவற்றையும் நாளைக்கே தடை செய் என்று ஒரு கட்சி. அப்படியானால் உன் பிள்ளைக்கு ஊசி போடாதே என்று இன்னொரு கட்சி. இரண்டு பேருக்குமே பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

முதல் கட்சிக்காரர்கள் மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இறங்கலாம். இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் 1978-இலிருந்து இருக்கிறது. வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கு வகை. தலையைப் பிடித்து, சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்க வைப்பார்கள். மஞ்சளாகச் சில சொட்டு இறங்கும். சில வாரம் வைத்திருந்து நான்கு தடவை நஞ்சு எடுத்தபிறகு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்தக் கைவேலைக்காக இருளர் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பார்க்கப் போகிறவர்கள் கண்ணில் படுவது இவ்வளவுதான். அப்புறம் வருவது குதிரை. உலர்த்திய நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டிக் குதிரைக்கு ஏற்றுவார்கள். அதன் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கும். கழுத்து நாளத்திலிருந்து ரத்தம் எடுத்துப் பிரித்தால் கிடைப்பதுதான் பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்து. குதிரைக்கு அப்புறம் எலி. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் நல்ல பாம்பு நஞ்சை முறிக்க வேண்டும் என்பது இங்கே உள்ள அளவு. முறிக்கிறதா என்று எப்படித் தெரியும்? நஞ்சையும் மருந்தையும் கலந்து சுண்டெலிகளுக்குப் போட்டு, எத்தனை செத்தது, எத்தனை பிழைத்தது என்று எண்ணுகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. பெரும்பாலும் வயலில் வேலை செய்கிறவர்கள். நாளைக் காலையில் எல்லாவற்றையும் தடை செய்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுக்கு டிரிப்ஸில் எதை ஏற்றுவது?

இரண்டாவது கட்சிக்காரர்கள் குன்னூர் போகட்டும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று எங்கள் தலைமுறையைப் பயமுறுத்தியே வளர்த்தார்கள். அந்த ஊசி மருந்து எதிலிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஆட்டின் மூளையிலிருந்து. உயிரோடு இருக்கிற ஆட்டின் மூளைக்குள் வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, நோய் முற்றியதும் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் இப்படித்தான் செய்தார்கள். ஆட்டு மூளைத் திசு மனித உடம்புக்குள் போனதால், ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குப் பக்கவாதமே வந்தது. இதைக் கைவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள் வீரோ செல் முறை வந்திருந்தது. 1962-இல் ஜப்பானில் ஒரு ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்க ஆரம்பித்த செல்கள், இன்றைக்கும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. கிருமியை அதில் வளர்த்துக்கொள்ளலாம், ஆடு வேண்டாம். அப்படியும் 2004 வாக்கில்தான் நாம் ஆட்டு மூளை மருந்தை நிறுத்தினோம். இப்போது கையில் நான்கைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. ஆடு தப்பித்தது, கடிபட்டவனும் பக்கவாதப் பயத்திலிருந்து தப்பித்தான்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது, ஆய்வகத்தில் நடக்கிற கொடுமையில் ஒரு பகுதி அவசியத்தால் நடக்கிறது, ஒரு பகுதி பழக்கத்தால் நடக்கிறது. எது எது என்று வெளியிலிருந்து பார்க்கிற நமக்குத் தெரியவே தெரியாது. தெரியவிடாமல் வைத்திருப்பதுதான் எனக்குள்ள கோபம்.

விலங்குச் சோதனை சட்டத்துக்குள் வந்ததே ஒரு விபத்துக்குப் பிறகுதான். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும்படி இனிப்புத் திரவமாக்கினார்கள். கரைப்பதற்குப் பயன்படுத்தியது டைஎத்திலீன் கிளைக்கால். எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மறு ஆண்டே, பாதுகாப்பானது என்று காட்டாமல் மருந்து விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. காட்டுவதற்கு அன்றைக்கு இருந்த வழி விலங்குதான். 2022 டிசம்பரில் அமெரிக்கா அந்தச் சட்டத்தைத் திருத்தி, விலங்கு கட்டாயமில்லை, வேறு முறையிலும் காட்டலாம் என்றது. 2023 மார்ச்சில் இந்தியாவும் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, மனித செல்களைக் கொண்டு செய்கிற சோதனைகளுக்கு இடம் கொடுத்தது. நல்ல மாற்றம், பத்திரிகையில் பெரிதாக யாரும் எழுதவில்லை.

அதே டைஎத்திலீன் கிளைக்கால்தான் 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்றது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அது 48.6 சதவீதம் இருந்ததாக நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் தெரிந்தது. இந்த நஞ்சு கொல்லும் என்பது 1937-லிருந்தே உலகத்துக்குத் தெரியும், இன்னொரு எலியைக் கொன்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உள்ளே வருகிற கரைப்பான் டிரம்மைத் திறந்து, ஒரு மாதிரி எடுத்து, கருவியில் பார்த்திருந்தால் போதும். விலங்குச் சோதனை இருக்கிறது, அதனால் மருந்து பாதுகாப்பானது என்று சமாதானம் சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

சட்டத்துக்கு வருகிறேன். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960. இதற்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றுக்கொண்டார். வந்த சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அறிவு வளர்ச்சிக்காகவும் உயிர் காக்கவும் விலங்குகள் மீது சோதனை செய்வது குற்றமாகாது என்கிறது. சரி, அதை நான் எதிர்க்கவில்லை. ஆய்வகங்களைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கலாம் என்றும் இருக்கிறது. 1964-இல் அமைத்தார்கள், அது பல காலம் தூங்கியது. தொண்ணூறுகளில் மேனகா காந்தி வந்துதான் எழுப்பினார், 1998-இல் விதிகள் வந்தன. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு, அதில் அரசின் பிரதிநிதி ஒருவர், அறிவியல் துறை சாராத ஒருவர் என்று ஏற்பாடு காகிதத்தில் அருமையாக இருக்கிறது.

குழுவின் நிபந்தனையை மீறினால் என்ன தண்டனை? 20-ஆம் பிரிவு: இருநூறு ரூபாய் வரை அபராதம். தெருவில் ஒரு நாயை அடித்தால் முதல் தடவை பத்திலிருந்து ஐம்பது ரூபாய். ஹெல்மெட் போடாமல் போனால் நம் ஊரில் ஆயிரம் ரூபாய். 2022-இல் ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். ஐம்பது ரூபாய் இன்னும் ஐம்பது ரூபாயாகவே இருக்கிறது.

மருந்தியல் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் சொல்வார். சோதனைக்கு அனுமதி கேட்டு நிரப்புகிற படிவத்தில், ஏன் விலங்கு தேவை, ஏன் இத்தனை தேவை என்று ஒரு கேள்வி வரும். முந்தின வருஷத்து மாணவன் எழுதினதையே எடுத்து ஒட்டிவிடுவார்களாம். எலியின் இனம் மாறினால் அந்தப் பெயரை மட்டும் மாற்றுவார்களாம். மொத்தப் படிவத்திலும் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

இதையெல்லாம் தமிழ்நாட்டில் பேசவே தயக்கமாக இருக்கிறது. 2017 மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு விலங்கு நலம் என்று வாயெடுத்தாலே, நீ அந்தப் பக்கமா என்று ஒரு பார்வை. காளை எங்கள் வீட்டுப் பிள்ளை என்று நின்ற கூட்டத்தில் நானும் நின்றவன். 2023-இல் உச்ச நீதிமன்றமும் நம் மாநிலத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது, அந்த வழக்கு முடிந்தது. ஆனால் அந்தச் சூட்டில் ஆய்வக எலியையும் சேர்த்து எதிரணியில் தள்ளிவிட்டோம். எலிக்கு எந்தக் கட்சியும் இல்லை.

நான் கேட்பது தடைகூட இல்லை, கணக்கு. பிரிட்டனில் ஆண்டுதோறும் உள்துறை அமைச்சகம் அறிக்கை போடுகிறது. 2023-இல் ஏறத்தாழ 26.8 லட்சம் சோதனைகள், எந்தெந்த விலங்கு, எதற்காக, வலி லேசா, நடுத்தரமா, கடுமையா என்று பிரித்துப் பிரித்து. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அங்கே கடுமை என்ற வகை குறைகிறதா என்று நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க ஒருவருக்குக் கையில் எண் இருக்கிறது. இங்கே ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேட்க நினைத்தால் எந்தத் தாளைக் காட்டிக் கேட்பார்? நெறிமுறைக் குழுக்களுக்கு எண்ணிக்கை போகிறது. அதைக் கூட்டி வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிட ஒரு குமாஸ்தா போதும்.

2024-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர், அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, குதிரை இல்லாமலே செயற்கையாக உருவாக்கிய ஒரு எதிர்ப்பொருளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன் போன்றவற்றின் நஞ்சில் உள்ள ஒரு முக்கிய வகை நச்சை அது கட்டிப்போடுகிறது. குதிரைக்கு ஒருநாள் விடுதலை கிடைக்கலாம். அதையும் எலிகளில்தான் சோதித்தார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அந்த எலிகள் எதற்குச் செத்தன என்று சொல்ல முடிகிறது.

கடைசியாக, கறி தின்கிற உனக்கு எலி மேல் என்ன அக்கறை என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு. தின்கிறேன், ஞாயிறு தவறாமல். முட்டைக் கோழியை இறக்கையைக்கூட விரிக்க முடியாத கம்பிக் கூண்டில் வாழ்நாள் முழுக்க நிற்க வைப்பது சரியா என்று நாமக்கல் பக்கம் போகும்போதெல்லாம் தோன்றும். அதையும் எழுதத்தான் போகிறேன். அப்போதும் இதே கேள்வியோடு வாருங்கள், முட்டைப் பொரியலைப் பற்றியும் சேர்த்துப் பேசலாம்.