ரீபூட் பண்றதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்கால். நங்கநல்லூரில் ஒரு ரிசப்ஷன். இரண்டு பந்தி முடியும்வரை நின்று, மூன்றாவதில் இடம் பிடித்து, சாதத்தில் குழி பறித்துச் சாம்பார் ஊற்றுகிற நேரத்தில் போன். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி.

"அண்ணா, லோடு 180 போகுது. சிபியு பார்த்தா 97 பர்சன்ட் ஐடில்னு காட்டுது. கில் மைனஸ் 9 அடிச்சாலும் ஒண்ணும் சாக மாட்டேங்குது. ரீபூட் பண்ணிடவா?"

லோடு என்றால் வேலை முடியக் காத்து நிற்கும் வரிசையின் நீளம். கில் மைனஸ் 9 என்றால் ஓடும் ப்ரோக்ராமைக் கட்டாயமாகக் கொல்லும் கட்டளை. அவன் சொன்னது ஒரு மருந்து மொத்த வியாபாரியின் பில்லிங் சர்வரைப் பற்றி. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் ஓடும் விர்ச்சுவல் மெஷின். இதற்கு முந்தைய மூன்று சனிக்கிழமையும் இதே நேரத்தில் இதே மாதிரி படுத்திருக்கிறது. மூன்று முறையும் ஷிஃப்டில் இருந்தவர்கள் ரீபூட் செய்து, "லாக்கில் எதுவும் இல்லை, இப்போது சரியாக உள்ளது" என்று எழுதி டிக்கெட்டை மூடியிருக்கிறார்கள்.

"பண்ணாதே. திறந்திருக்கிற டெர்மினலை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடாதே" என்று சொல்லிவிட்டு, இலையை விட்டு எழுந்து கை கழுவுகிற இடத்துக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா நான் ஏதோ கோபித்துக்கொண்டு எழுந்ததாகவே நினைத்திருப்பார்.

ரீபூட் அடித்தால் சர்வர் எழுந்துவிடும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எது எதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது என்கிற சாட்சி முழுவதும் அந்த நேரத்தில் மெமரியில்தான் இருக்கிறது. ரீசெட் அழுத்திய நொடியில் அது போச்சு. நம் ஊர் ஐடி கம்பெனிகளில் எத்தனை நிமிடத்தில் எழுப்பினாய் என்றுதான் கேட்கிறார்கள். ஏன் படுத்தது என்று கேட்பவர் யாரும் இல்லை. அதனால் பசங்களின் விரல் நேராக ரீசெட் பட்டனுக்குத்தான் போகிறது. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

லோடு 180, சிபியு சும்மா. இது முரண்பாடு மாதிரி தெரியும். மற்ற யூனிக்ஸ்களில் லோடு ஆவரேஜ் என்பது சிபியுவுக்காக வரிசையில் நிற்பவர்களின் கணக்கு. லினக்ஸில் 1993லிருந்தே டி ஸ்டேட்டில் மாட்டி நிற்பவர்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆக, லோடு ஏறி சிபியு ஓய்வாக இருந்தால், கூட்டம் வேறு ஏதோ வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

டி ஸ்டேட் என்றால் என்ன? ரேஷன் கடையில் மெஷினில் விரல் வைத்தாயிற்று, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பில் வரவில்லை. வீட்டிலிருந்து "உடனே கிளம்பி வா" என்று போன் வந்தாலும் அந்த நிலையில் கிளம்ப முடியாது. பில் வந்த பிறகுதான் அடுத்த வேலை. கில் மைனஸ் 9 அந்தப் போன் மாதிரிதான். சிக்னல் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) கெர்னலின், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியின் உள்ளே பாதி வேலையில் நிற்பதால் அதைக் கவனிக்காது. என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக வேறு மெஷினின் டிஸ்கைப் பயன்படுத்தும் முறை) காத்திருப்பு மாதிரி சில இடங்களில் கில்லுக்கு மட்டும் எழுந்திருக்கும் ஒரு நிலை 2008ல், 2.6.25 கெர்னலில் வந்தது. எல்லா இடத்திலும் அது கிடையாது.

சரி, அன்றைக்கு வருகிறேன். முதலில் டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைத் தட்டச் சொன்னேன், அதுவும் பின்னணியில். என்எஃப்எஸ் மவுண்ட் (இணைப்பு) ஏதாவது செத்திருந்தால் டிஎஃப் அப்படியே நின்றுவிடும், இருக்கிற ஒரே டெர்மினலும் போய்விடும். டிஎஃப் பளிச்சென்று பதில் சொன்னது. அடுத்து, டிஸ்கில் எவ்வளவு வேலை நடக்கிறது என்று காட்டும் ஐஓஸ்டாட். டிஸ்கில் பூஜ்யம். மெதுவான டிஸ்க் என்றால் அங்கே வேலை குவிந்து கிடக்கும். இங்கே யாரும் டிஸ்கிடம் எதையும் கேட்கவே இல்லை.

"புது லாகின் போகுதா பாரு" என்றேன். போகவில்லை. பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கிறது. லாகின் ஆகும்போது யார் வந்தார்கள் என்ற குறிப்பு வார் (/var) பார்ட்டிஷனில், அதாவது லாக் மாதிரி மாறிக்கொண்டே இருக்கும் ஃபைல்கள் உள்ள டிஸ்க் பகுதியில் எழுதப்படும். எழுத முடியவில்லை, படிக்க முடிகிறது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டு டி ஸ்டேட்டில் இருப்பவர்களை மட்டும் எடுத்து, அதில் ஒன்றின் ஸ்டாக்கை, அதாவது கெர்னலுக்குள் எந்தெந்த ஃபங்ஷன் வழியாகப் போய் எங்கே நிற்கிறது என்ற வரிசையை, ப்ராக் டைரக்டரியிலிருந்து படிக்கச் சொன்னேன். ப்ராசஸ் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கும் ஸ்ட்ரேஸைப் போடப் போனான், தடுத்தேன். டி ஸ்டேட் ப்ராசஸில் ஸ்ட்ரேஸை ஒட்டினால் ஸ்ட்ரேஸும் சேர்ந்து நிற்கும். ஸ்டாக்கில் அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: "எஸ்பி ஸ்டார்ட் ரைட்... அதுக்கு மேல பெர்சிபியு ஆர்டபிள்யூசெம் வெயிட்". இன்னும் இரண்டு ப்ராசஸ் பார்த்தோம். எல்லாம் அதே இடம்: எழுதத் தொடங்கும் முன், பூட்டு திறக்கக் காத்திருப்பது. ஃபைல் சிஸ்டத்தை யாரோ ஃப்ரீஸ் செய்திருக்கிறார்கள், எழுத வந்தவர்கள் எல்லாம் வாசலில் நிற்கிறார்கள்.

ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அந்த நேரத்து நகல்) எடுக்கும்போது டேட்டா பாதி எழுதிய நிலையில் மாட்டக்கூடாது என்பதற்காக எஃப்எஸ்ஃப்ரீஸ் என்ற கட்டளையால் சில நொடி எழுத்தை நிறுத்தி, ஸ்னாப்ஷாட் எடுத்து, திரும்பத் திறப்பது வழக்கம். சனிக்கிழமை ஒன்பதரைக்கு வாராந்திர பேக்கப். எப்போதோ, யாரோ எழுதிய ஸ்க்ரிப்ட். வார் பார்ட்டிஷனை ஃப்ரீஸ் செய்யும். ஸ்டோரேஜிடம் ஸ்னாப்ஷாட் கேட்கும். பிழை வந்தால் அதை லாக் ஃபைலில் எழுதும். பிறகு ஃப்ரீஸை எடுக்கும்.

லாக் ஃபைல் எங்கே? வார் பார்ட்டிஷனில்!

சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தின கதை. ஸ்னாப்ஷாட் ஒழுங்காக நடந்த வரைக்கும் அந்த வரி ஓடவே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. பழைய ஸ்னாப்ஷாட்டுகளை யாரும் அழிக்காமல் இடம் நிரம்பியதும் பிழை வந்தது. அதை எழுதப் போன ஸ்க்ரிப்ட், தான் போட்ட பூட்டில் தானே மாட்டிக்கொண்டது. ரீபூட் செய்தவர்கள் "லாக்கில் எதுவும் இல்லை" என்று எழுதியது உண்மைதான். லாக் எழுதுகிற சர்வீஸும் அதே வாசலில்தான் நின்றது.

கெர்னல் மட்டும் விடாமல் புலம்பியிருக்கிறது. 120 நொடிக்கு மேல் அசையாமல் நிற்கும் ப்ராசஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரும். வழக்கமான அமைப்பில் பத்து எச்சரிக்கையோடு அதுவும் வாயை மூடிக்கொள்ளும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டி-மெசேஜில் பத்தும் இருந்தன. அதை ஃபைலில் சேமிக்கப் போனான் தம்பி. "எந்த டிஸ்கில்டா சேமிப்பே? திரையை போன்ல படம் எடு" என்றேன். மெமரியில் இருக்கும் டெவ் எஸ்ஹெச்எம்மில் போட்டிருக்கலாம், ஆனால் ரீபூட் ஆனால் அதுவும் போகும். கெர்னலுக்கு டபிள்யூ என்ற ஒற்றை எழுத்தை சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் வசதி) வழியாக அனுப்பினால் மாட்டி நிற்கும் அத்தனை பேரின் ஸ்டாக்கையும் கொட்டிவிடும். அதையும் செய்து, அதையும் படம் எடுத்தான்.

பிறகு ஃப்ரீஸை எடுக்கும் ஒரு வரி. எஃப்எஸ்ஃப்ரீஸ், மைனஸ் யூ, பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருக்கும் இடம், என்டர்.

உடனே எல்லாம் சரியாயிற்று என்று எழுத ஆசைதான். டேட்டாபேஸ் செத்தது. முன்பு தம்பி ஆத்திரத்தில் அடித்த கில் மைனஸ் 9 எல்லாம் அதன் மடியில் காத்திருந்தன அல்லவா, கண் விழித்ததும் முதல் வேலையாக அதைப் படித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. அவன் குரலில் ரத்தமே இல்லை. தானாகவே திரும்ப எழுந்து, ரெக்கவரி ஓட்டி, இரண்டு மூன்று நிமிடத்தில் பில் போட ஆரம்பித்தது. பத்து மணி பத்து நிமிடம்.

ரீபூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டோரேஜ் கன்ட்ரோலரே போய்விட்டால், டி ஸ்டேட்டில் நிற்பவர்கள் எதற்காக நிற்கிறார்களோ அது திரும்பி வரவே போவதில்லை என்றால், ரீபூட்தான் வழி. அப்போதும் சாதாரண ரீபூட் கட்டளை பாதியில் நிற்கும், ஏனென்றால் ஷட்டவுனும் அதே ஃபைல் சிஸ்டத்தை மூடப் போய் அங்கேயே காத்திருக்கும். இந்த மூன்று வாரமும் "ரீபூட்" என்று எழுதப்பட்டது, உண்மையில் ஹைப்பர்வைசரிலிருந்து (விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருள்) கரண்டைப் பிடுங்கின மாதிரியான ரீசெட். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் அதைச் செய்துவிட்டு "சரியாக உள்ளது" என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

என்எஃப்எஸ் பற்றி ஒரு வார்த்தை, இதைப் படித்ததும் யாராவது கேட்பீர்கள். மவுண்ட் தொங்குகிறது என்பதற்காக, பதில் வரும்வரை காத்திருக்கும் ஹார்டை, கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடும் சாஃப்ட் என்று மாற்றாதீர்கள். தொங்காது, உண்மைதான். பதிலுக்கு எழுதும்போது பாதியில் பிழை கொடுக்கும், அதைச் சரியாகக் கையாளாத ப்ரோக்ராம் டேட்டாவைக் கெடுத்து வைக்கும். தொங்கினால் தூக்கம்தான் போகும். நான் ஹார்ட் கட்சி.

அன்று ராத்திரியே ஸ்க்ரிப்டை மாற்றினோம். பிழை இனி வேறு பார்ட்டிஷனுக்குப் போகும். ஃப்ரீஸ் செய்வதற்கு முன்பே, அறுபது நொடியில் தானாகத் திறந்துவிடும் ஒரு காவலாளியையும் பின்னணியில் ஓடவிட்டோம். பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழிப்பதற்குமுன் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். கடைசியாக ஒழுங்காக எடுத்தது நான்கு வாரத்துக்கு முந்தையது. தினசரி டேட்டாபேஸ் டம்ப் (நகல்) இருக்கிறதே என்று நினைத்தோம். அது இருந்ததும் அதே வார் பார்ட்டிஷனில்.

நான் திரும்பி வந்தபோது பந்தி முடிந்து மேஜையில் பேப்பர் ரோலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பீடா மட்டும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை முதலாளியிடமிருந்து வாட்ஸப்: "சார், போன வாரம் அஞ்சு நிமிஷத்துல வந்துச்சு, நேத்து மட்டும் ஏன் இருபத்தஞ்சு நிமிஷம்?" ஸ்டாக், ஃப்ரீஸ் என்று நீளமாக எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். கடைசி ஸ்னாப்ஷாட்டின் தேதி தெரிகிற மாதிரி அந்தப் பட்டியலின் படத்தை மட்டும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பத்து நிமிடம் கழித்துப் போன் செய்தார்.